துரத்தல் பந்தயமும் தோல்ஷாப்பு சைக்கிளும்

1

போன வருஷம் ஆம்பூரில் ஒரு கூட்டம். பாலாறு, குரோமியக் கழிவு, ஒப்பந்தத் தொழிலாளர் கூலி என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். இப்போது என்ன எழுதுகிறாய் என்று கேட்டார்கள். சைக்கிள் துரத்தல் பந்தயத்தின் வரலாறு என்றேன். முப்பது வருஷமாகச் சங்கத்தில் இருக்கும் தோழர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆறே செத்துக் கெடக்குது. நீ இன்னாடான்னா சைக்கிள் ரேசு எழுதினு கீறே. யாருக்குப்பா அது?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன். விளையாட்டு என்பது மக்களைத் திசைதிருப்பும் கேளிக்கை என்ற நிலைப்பாடு நம் இடதுசாரி வட்டாரங்களில் விவாதத்துக்கு இடமில்லாத பொதுப்புத்தியாக இறுகிவிட்டது. இன்னொரு பக்கம், சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு வேறு ஒரு பழக்கம். ரோலான் பார்த் பிரான்சின் சைக்கிள் பந்தயத்தைக் காவியமாக வாசித்தார், சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட் வழியாகக் காலனியத்தை எழுதினார் என்று பெயர்களைச் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்துவிடுகிறது. பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துத் தோல்ஷாப்புக்குப் போனவனின் உடல் இந்த இரண்டு பேச்சிலும் இல்லை. நான் அந்த உடலிலிருந்து தொடங்க நினைக்கிறேன். என் அப்பா அப்படிப் போனவர்.

2

முதலில் பந்தயம் என்னவென்று பார்த்துவிடலாம். சாய்வாக எழுப்பப்பட்ட நீள்வட்ட ஓடுபாதை. இன்று சர்வதேசப் போட்டிகளில் அதன் சுற்றளவு 250 மீட்டர், தளம் மரப்பலகை. எதிரெதிர்ப் பக்கங்களில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத தொலைவில், இரண்டு பேரோ இரண்டு அணிகளோ நிற்பார்கள். வெடி வெடித்ததும் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்த வேண்டும். பிடித்துவிட்டால் அங்கேயே ஜெயம். பிடிக்காவிட்டால் 4000 மீட்டரை முதலில் முடிப்பவர் ஜெயித்தார். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வு இல்லை.

அணித் துரத்தலில் நான்கு பேர். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, மற்ற மூவரும் அவன் முதுகை ஒட்டிக்கொண்டு வருவார்கள். சற்று நேரத்தில் அவன் சரிவில் மேலே ஏறி, கடைசி ஆளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வான். அடுத்தவன் காற்றை வாங்குவான். இதில் ஒரு விதி உண்டு. அணியின் நேரம் மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் கணக்காகிறது. ஆகவே நான்காவது ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத் தீர்த்துவிடலாம். கடைசிச் சுற்றுகளுக்கு முன்பு அவன் தன் முழு மூச்சையும் முன்னால் நின்று கொட்டிவிட்டு விலகிக்கொள்வான்.

அணித் துரத்தல் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் நுழைந்தது. முதல் தங்கம் பிரிட்டனுக்கு. 1920இலிருந்து தூரம் 4000 மீட்டர் என்று நிலைத்தது. தனிநபர் துரத்தல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1964இலும் பெண்களுக்கு 1992இலும் வந்தது. 2008க்குப் பிறகு இரண்டையும் நீக்கிவிட்டார்கள். உலகச் சாம்பியன் போட்டிகளில் தொடர்கிறது.

இந்தப் பந்தயம் பிறந்து வளர்ந்த காலத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைக் கடிகாரம் மனிதனின் நாளை எப்படித் துண்டு போட்டது என்பதை ஈ.பி. தாம்ப்ஸன் 1967இல் எழுதிய கட்டுரை நமக்குத் தெரியும். துரத்தல் பந்தயம் அந்தக் கடிகாரத்தின் குழந்தை என்றே எனக்குப் படுகிறது. எதிராளி கண்ணுக்குத் தெரியமாட்டான். பயிற்சியாளர் பாதை ஓரத்தில் நின்று நீ கணக்குக்கு முன்னால் இருக்கிறாயா பின்னால் இருக்கிறாயா என்று காட்டுவார். ஓடுகிறவன் உண்மையில் துரத்துவது ஒரு எண்ணைத்தான். ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவு நேரத்தில் முடிய வேண்டும். முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகமாகப் போனவன் கடைசியில் மூச்சுமுட்டி விழுவான். சீரான வேகம், வீணாகாத அசைவு, அளந்து செலவிடும் மூச்சு. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற எந்தத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு புரியும்.

3

இந்தியர்கள் இந்தப் பந்தயத்தில் இறங்கியிருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. சுதந்திரம் வந்த மறுவருஷம், 1948இல், லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒரு சைக்கிள் அணி போனது. ஓடுபாதைப் பந்தயங்கள் ஹெர்ன் ஹில் மைதானத்தில் நடந்தன. 1891இல் கட்டப்பட்ட திறந்தவெளிப் பாதை அது. விளக்கு வசதி இல்லாததால் சில இறுதிப் பந்தயங்கள் அரையிருட்டில் முடிந்தன. இந்திய அணியில் ரூஸி முல்லா ஃபெரோஸ், ஜெஹாங்கூ அமீன், ஹோமி பாவ்ரி போன்ற பார்ஸிகளும் வங்காளியான நேத்தாய் பைசாக்கும் இருந்தார்கள். அணித் துரத்தலில் பிரான்ஸ் தங்கம் வாங்கியது. 1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தபோது அதிலும் அணித் துரத்தல் இருந்தது. 1952இல் ஹெல்சிங்கிக்குப் பைசாக் மறுபடி போனார். சுப்ரபாத் சக்ரவர்த்தியும் ராஜ்குமார் மெஹ்ராவும் உடன் போனார்கள். 1964இல் டோக்கியோவுக்குப் போன அணி பஞ்சாபிகளின் அணி: அமர் சிங் பில்லிங், அமர் சிங் சோக்கி, தல்பீர் சிங் கில், சேத்தன் சிங் ஹரி. அதற்குப் பிறகு, 2024 பாரிஸ் வரைக்கும், ஒரு இந்தியச் சைக்கிள் வீரன்கூட ஒலிம்பிக்கில் இல்லை.

இந்தப் பெயர்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். பம்பாய்ப் பார்ஸிகளிடம் கிளப்புகள் இருந்தன. 1923இல் பார்ஸி இளைஞர்கள் சிலர் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பி, அவர்களில் மூவர் உலகைச் சுற்றி 1928இல் திரும்பினார்கள். இறக்குமதிச் சைக்கிளும், அதில் பொழுதைச் செலவழிக்க ஓய்வும், கப்பல் டிக்கெட்டும் இருந்தவர்கள் முதலில் ஓடினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சரியான பாதையோ பயிற்சியாளரோ இல்லாத நாட்டிலிருந்து போய், ஐரோப்பியர்களுக்கு எதிரில் நின்று தோற்று வருவதற்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் அதே நாட்களில் இந்தியாவில் சைக்கிளை அதிகம் மிதித்தவர்கள் தபால்காரர்கள், பால்காரர்கள், மில் தொழிலாளிகள். நான் மேலே சொன்ன பெயர்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

இது இந்தியாவின் தனிக்கதையும் அல்ல. 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள். கையால் வேலை செய்து கூலி வாங்குகிற மெக்கானிக்கோ கைவினைஞனோ கூலியாளோ அமெச்சூர் ஆக முடியாது. ஹென்லி படகுப் பந்தயத்தில் இந்த விதி 1937 வரை இருந்தது. உழைக்கும் உடலுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது, அது கனவான்களோடு மோதுவது நியாயமில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட தர்க்கம். வேறு சொற்களில் நம் ஊரிலும் கேட்ட தர்க்கம்தானே இது? 1952 ஹெல்சிங்கியில் அணித் துரத்தலில் வெள்ளி வாங்கியது தென்னாப்பிரிக்கா. நாலு பேரும் வெள்ளையர்கள். நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டிருந்த காலம். ஒரு பாதையில் யார் ஓடலாம் என்பது பந்தயம் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

4

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. பாலாற்று ஓரத்துத் தோல் பிரதேசம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. ஆற்றுத் தண்ணீர், ஆவாரம் பட்டை, சுண்ணாம்பு. இவற்றோடு சேரித் தெருக்களிலிருந்தும் முஸ்லிம் வீதிகளிலிருந்தும் வந்த உழைப்பு. பட்டையில் பதனிட்ட தோல் மெட்ராஸ் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். முதல் உலகப்போரின்போது பட்டாளத்துப் பூட்ஸுக்காக அதை அரசே எடுத்துக்கொண்டது.

தோல் போன அதே கடல்வழியில் சைக்கிள் வந்தது. பர்மிங்காம் சைக்கிள், நாட்டிங்காம் சைக்கிள். 1949இல் மெட்ராஸில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் அம்பத்தூரிலேயே தயாரானது. ஹெர்ன் ஹில்லில் ஓடியவர்கள் உட்கார்ந்த சீட்டும் பட்டையில் பதனிட்ட தோல்தான். எந்த ஊர்த் தோல் எந்தச் சீட்டானது என்று தேட வேண்டியதில்லை. ஒரு பண்டத்தின் வரலாற்றில் பதனிட்டவனும் ஓட்டியவனும் சந்திக்காமலேயே இருக்க முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய ஹெர்குலிஸ். வீட்டிலிருந்து ஷாப்புக்குப் பதினாலு கிலோமீட்டர். காலை சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்ட வேண்டும். ஊதிவிட்டால் அரைநாள் கூலி போச்சு. கேரியரில் தூக்குச்சட்டி, ஹாண்டில்பாரில் அழுக்குத் துணிப்பை. வழியில் பங்க்சர் ஆனால் தள்ளிக்கொண்டே ஓடுவார். நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதும் அதே சைக்கிளில்தான். அதன் சீட்டிலும் பாரிலும் ஷாப்பு வாடை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அதை நிறுத்தினால் பக்கத்தில் யாரும் சைக்கிள் விடமாட்டார்கள். சாதி ஒரு சைக்கிளுக்கும் ஒட்டும் என்று அங்கேதான் படித்தேன்.

எங்கள் ஊர்ப் பொட்டலிலும் ஒரு ஓடுபாதை இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கோஷ்டி வரும். மூங்கில் நட்டு, டியூப்லைட் கட்டி, ஸ்பீக்கர் வைப்பார்கள். ஒரு ஆள் ஏழு நாள், பத்து நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டம் சுற்றுவான். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள்மேல். சாயங்காலமானால் டியூப்லைட்டை உடம்பில் உடைத்துக்கொள்வான், நடுவில் ரெக்கார்ட் டான்ஸ். ஜனங்கள் அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். ஐரோப்பியப் பந்தயம் வினாடியை ஆயிரமாக வெட்டுகிறது. இங்கே அளவு நாள்கணக்கு. எதிராளி கிடையாது, தூக்கத்தோடு மட்டும்தான் போட்டி. இது நம் மாற்று விளையாட்டு மரபு என்று கொண்டாடிக் கட்டுரை எழுத எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. ஆனால் ஏழாம் நாள் அவன் இறங்கும்போது கால் நிற்காமல் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். பசியைக் கலையாக்கிப் பார்ப்பது பார்வையாளனின் சொகுசு.

அதே எச்சரிக்கை அப்பா விஷயத்திலும் வேண்டும். தினமும் இருபத்தெட்டு கிலோமீட்டர் மிதித்தவரை 'அங்கீகரிக்கப்படாத விளையாட்டு வீரர்' என்று எழுதுவது சுலபம். அவருக்கு அது அவமானமாகப்படும். அவர் விளையாடவில்லை.

5

துரத்தல் அடிப்படையில் நுரையீரலின் பந்தயம். நாலு நிமிஷம் என்பது கொடூரமான அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடவும் முடியாது, நிதானமாக மூச்சுவிட்டு ஓடவும் முடியாது. உடம்பு எவ்வளவு காற்றை ரத்தத்துக்குக் கொண்டுபோக முடியுமோ, ஏறக்குறைய அதன் எல்லையிலேயே நாலு நிமிஷமும் நிற்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அமெரிக்கரான ஆஷ்டன் லாம்பி 3 நிமிஷம் 59.930 வினாடியில் 4000 மீட்டரை முடித்தார். தனிநபர் துரத்தலில் நாலு நிமிஷத்துக்குள் வந்த முதல் ஆள் அவர். ஓடியது மெக்சிகோவின் அகுவாஸ்கலியன்டெஸில். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், காற்று மெலிந்திருக்கும், தடுப்பு குறைவு. காற்றைத் தேர்ந்தெடுக்க முடிகிற இடத்துக்கு இந்த விளையாட்டு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் காற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முழுத்தோல், செருப்பு, ஷூ என்று தொழில் மாறியபோது ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோம் பிடித்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை டிரம்மில் சீக்கிரம் முடிந்தது. வேகத்தின் இன்னொரு வரலாறு இது. கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர் ஈடு கட்ட வேண்டும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. தோல்ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. ஆனால் அது தண்ணீரையும் நிலத்தையும் பற்றிப் பேசிய அளவுக்கு உள்ளே வேலை செய்தவனின் மூச்சைப் பற்றிப் பேசவில்லை. பஃபிங் மெஷினில் பறக்கும் தோல் தூள், கழிவுத் தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு. தொட்டியில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களின் செய்தியை இந்த வட்டாரம் எத்தனையோ முறை படித்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சகதியில் மூழ்கினார்கள். 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அப்பா பஃபிங் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தார். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை, அதுவும் அவர் வாங்கியது. இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறார். ஓட்டக்காரனின் மூச்சை அளக்க உலகத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. அப்பா வேலையில் இருந்தபோது அவர் மூச்சை ஒருநாளும் யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் அது ஒரு ஆதாரம் ஆகியிருக்கும்.

6

உழைக்கும் வர்க்கத்திலிருந்து இந்தப் பாதைக்கு வந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். கொலம்பியாவின் மார்ட்டின் எமிலியோ ரொட்ரீகஸ், 'கொச்சிஸே' என்று ஜனங்கள் அழைத்தவர், மெதெயின் நகரத்தில் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருந்தவர். 1971இல் அமெச்சூர் துரத்தலில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் மியூனிக் ஒலிம்பிக்கில் அவரை விடவில்லை. அமெச்சூர் விதியை மீறியதாகக் குற்றச்சாட்டு.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ கதை இன்னும் தெளிவானது. 1992 பார்சிலோனாவில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன் தனிநபர் துரத்தலில் தங்கம் வாங்கினார். அவரும் வேலையில்லாத தச்சர்தான். ஆனால் அவர் கீழே கார் கம்பெனியான லோட்டஸ் வடிவமைத்த கார்பன் சைக்கிள் இருந்தது. மறுவருஷம் ஓப்ரீ, தன் கையாலேயே பற்றவைத்த சைக்கிளில், வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங்கைப் போட்டு, கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் என்ற உலக சாதனையைச் செய்தார். அதே ஆண்டு துரத்தலில் உலகச் சாம்பியன். 1994இல் அந்த உட்காரும் முறையைச் சர்வதேச சம்மேளனம் தடைசெய்து அவரைப் போட்டியிலிருந்து நீக்கியது. வேறொரு முறையைக் கண்டுபிடித்து 1995இல் மறுபடி சாம்பியன் ஆனார். அதையும் தடைசெய்தார்கள். கம்பெனி கண்டுபிடித்தால் தொழில்நுட்பம், பட்டறைக்காரன் கண்டுபிடித்தால் விதிமீறல். முழுக்க இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், லோட்டஸ் மாதிரிச் சைக்கிள்களுக்கும் பின்னால் தடை வந்தது. ஆனால் தடை வந்த வேகத்தில் வித்தியாசம் இருந்தது.

ஆக, திறமை எங்கே வேண்டுமானாலும் பிறக்கும் என்ற பழைய ஆறுதல் போதாது. ஓப்ரீக்குப் பட்டறை இருந்தது, ஓடிப் பார்க்கப் பாதை இருந்தது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக யமுனா ஓடுபாதையைக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாதை இருக்கிறது. ஆம்பூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஆந்திரத்தின் ஷேக் அர்ஷத்தும் மகாராஷ்டிரத்தின் ஜோதி கடேரியாவும் தனிநபர் துரத்தலில் ஓடினார்கள். பாராலிம்பிக் சைக்கிளில் இந்தியாவிலிருந்து போன முதல் இரண்டு பேர் அவர்கள். 1964க்குப் பிறகு ஒலிம்பிக் மேடையில் காலியாகக் கிடந்த இடத்தை, விபத்தில் கால் இழந்தவர்கள் இன்னொரு வாசல் வழியாக வந்து நிரப்பினார்கள்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டதை நாம் அரசியல் என்று ஒப்புக்கொண்டோம். அரசுப் பள்ளியில் சைக்கிள் கொடுப்பதையும் அரசியல் என்று ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் மகள்களுக்கு அந்தச் சைக்கிள் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் அது வீட்டில் மூலையில் சாய்ந்துவிடுகிறது, அவள் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறாள். சைக்கிள் கிடைத்தவளுக்குப் பாதையும் கேட்பது எப்படித் திசைதிருப்பல் ஆகும்?

போன மாதம் அப்பாவுக்கு பாரிஸ் ஒலிம்பிக்கின் அணித் துரத்தலை செல்போனில் காட்டினேன். ஆஸ்திரேலியா 3 நிமிஷம் 40.730 வினாடியில் உலக சாதனை செய்த ஓட்டம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "பிரேக்கு இல்லியாடா?" என்றார். "செயினு டைட்டா வெச்சிக்கிறான்" என்றார். நான் மூன்றாவது ஆள் கணக்கையும், நான்காவது ஆள் விலகிக்கொள்வதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வுட்டுட்டுப் போறாங்களே, அந்த நாலாவது ஆளுக்குக் கூலி உண்டா?"

"உண்டுப்பா. மெடல் நாலு பேருக்கும்."

"அப்ப செரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தோழருக்கு நான் சொல்ல நினைத்ததும் அவ்வளவுதான். ஆற்றைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் மூச்சைப் பற்றியும் பேசுவோம். தோல்ஷாப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் நுரையீரலையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, கணக்கை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று கேட்போம். அந்தத் தீர்மானத்துக்கு அடுத்த வரியில், அவர்கள் பிள்ளைகள் சைக்கிள் சுற்ற ஒரு பாதை வேண்டும் என்றும் எழுதுவோம். அடுத்த கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே படிக்கப்போகிறேன்.